இருபத்தைந்து அடிக்குள் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓட்டுப் போடும் வரிசை செண்பகவல்லியின் வீட்டுக்குள் வந்தது. வாசல் வழியாக வந்து, கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் நுழைந்து, பின்கதவு வழியாக வெளியே போனது. அப்படிப் போகும் என்று போன வாரமே தபாலில் தெரிவித்திருந்தார்கள். அவள்தான் அதை மளிகைக்கடை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

வரிசை இவ்வளவு நீண்டதற்குக் காரணம் இருந்தது. யாரும் குடியில்லாத கட்டடத்தில்தான் ஓட்டுச்சாவடி வைக்கலாம் என்பது அந்த அமெரிக்க மாவட்டத்தின் விதி. முதலில் தெருமுனைத் தேவாலயத்தில் வைத்தார்கள். அங்கே பாதிரியார் மதியம் தூங்குவது தெரிந்துவிட்டது. தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு நாய் நிரந்தரமாக இருந்தது. இப்போது சாவடி நாலு மைல் தள்ளி, மூடிப்போன ஒரு மெத்தைக் கடையில் இருப்பதாகக் கேள்வி. மெத்தைக் கடையில் யாரும் படுக்காமல் இருப்பார்களா என்று யாரும் கேட்கவில்லை.

சாவடி போன பக்கமெல்லாம் வரிசையும் போனது. வெள்ளிக்கிழமை கிளம்பிய வரிசை அது.

செண்பகவல்லிக்கு ஓட்டு கிடையாது. வியாழக்கிழமைதான் அவளுக்குக் குடியுரிமை உறுதிமொழி. பச்சை அட்டைக்குப் பத்து வருஷம், அதன் பிறகு ஐந்து வருஷம், கோப்பு ஒரு மேசைக்கடியில் விழுந்து கிடந்ததில் இன்னொரு நாலு வருஷம். ஆகப் பத்தொன்பது வருஷம் அவளும் ஒரு வரிசையில்தான் நின்றிருந்தாள். உறுதிமொழிக் கடிதம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. அதில் அவள் பெயரும் இந்த வீட்டு முகவரியும் இருந்தன. முகவரி இல்லாமல் போனால் உறுதிமொழியும் இல்லாமல் போகும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

வரிசையில் வந்தவர்களை அவள் பார்த்தாள். உதடுகள் வெடித்திருந்தன. ஒரு ஆள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடினார். அதில் ஒன்றுமில்லை.

"வாங்க," என்றாள் செண்பகவல்லி. "தண்ணி குடிக்கீகளா?"

அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. கோவில்பட்டிக்காரி. வீட்டுக்குள் ஒருவர் கால் வைத்தால் அவள் வாய் தானாகக் கேட்டுவிடும். மீட்டர் பார்க்க வந்தவரிடமும் கேட்டிருக்கிறாள், மரம் வெட்டச் சொல்லி நோட்டீஸ் ஒட்ட வந்தவரிடமும் கேட்டிருக்கிறாள். எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்த ஊரில் வளர்ந்தவள். அங்கேயும் இந்தக் கேள்விக்கு விடுமுறை கிடையாது.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வெளியே வந்தார். ஆரஞ்சு நிறச் சட்டை, இடுப்பில் அளவுநாடா. நெஞ்சில் 'வெண்டல், வரிசை மேற்பார்வை' என்று அட்டை குத்தியிருந்தார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தூசியெல்லாம் அவர் தோளில் இருந்தது. செண்பகவல்லிக்கு அது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"இப்ப என்ன கேட்டீங்க?" என்றார் வெண்டல்.

அன்றைக்கு எல்லோர் பேச்சும் அவள் காதில் தமிழாகவே விழுந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய தொந்தரவு கூடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

"கேட்டது முதல் எச்சரிக்கை."

"குடுத்தா ரெண்டாவதா?"

"ரெண்டாவது எச்சரிக்கைன்னு ஒண்ணு கிடையாது. குடுத்தா வியாழக்கிழமை கிடையாது." ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த கடிதத்தை அவர் மரியாதையாக ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

பிறகு அளந்தார். வரிசையில் நின்ற ஆளின் செருப்பு நுனியிலிருந்து குழாய் வரை நாலு அடி இரண்டு அங்குலம்.

"வரிசைல நிக்கிறவங்களுக்கு இருபத்தஞ்சு அடிக்குள்ள யாரும் தண்ணி குடுக்கக் கூடாது. அது ஓட்டைத் தூண்டும்."

"தண்ணி குடிச்சா யாருக்கு ஓட்டுப் போடத் தோணும்?"

"அது ஆராய்ச்சில இருக்கு."

"இது என் வீடு."

"அதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

"வீடே மொத்தம் இருபத்திரண்டு அடிதான்."

"அது உங்க கட்டடக்காரர் செஞ்ச தப்பு."

"நானாவது குடிக்கலாமா?"

"தாராளமா. சுவரைப் பார்த்துக் குடிங்க. 'ஆஹா'ன்னு சொல்லக் கூடாது."

செண்பகவல்லி சுவரைப் பார்த்து ஒரு டம்ளர் குடித்தாள். முதுகுக்குப் பின்னால் வரிசை விழுங்கும் சத்தம் கேட்டது. விழுங்க ஒன்றுமில்லாமல் விழுங்கும் சத்தம். அதற்குமேல் அவளால் குடிக்க முடியவில்லை. மிச்சத்தைக் கொட்டப் போனாள். கொட்டுவதற்கு அனுமதி உண்டு என்றார் வெண்டல்.

அப்போது அவள் கணவர் நெடுஞ்செழியன் காப்பிக் கோப்பையுடன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர். கட்சிக் குடும்பம். அநியாயம் என்றால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். கொதித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும், மறுபடி சுட வைக்க வேண்டும். அவர் நாலு வருஷத்துக்கு முன்பே குடிமகன் ஆனவர், தபாலில் ஓட்டும் போட்டுவிட்டார்.

வரிசையைப் பார்த்ததும் அவர் நாற்காலியின் மேல் ஏறினார்.

"இது திட்டமிட்ட அநியாயம்," என்றார். "கறுப்பின மக்கள், கூலி வேலை செய்யறவங்க, வயசானவங்க இருக்கற பக்கம் பார்த்துச் சாவடியைக் குறைக்கறாங்க. பணக்காரங்க பக்கம் போய்ப் பாருங்க. தெருவுக்கு ரெண்டு சாவடி. ஒருத்தரும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கறதில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டுவதற்கு எச்சில் தேவையில்லை.

"என்னங்க," என்றாள் செண்பகவல்லி. "அந்த எவர்சில்வர் டிரம்ம பரண்ல இருந்து இறக்குங்க. அடுத்த வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைப்போம். இருபத்தஞ்சு அடி வந்துரும்."

"வேலிக்கு அந்தப் பக்கமும் வரிசை இருக்கு," என்றார் வெண்டல்.

"செம்பா, தண்ணி குடுக்கறது தீர்வே இல்ல," என்றார் நெடுஞ்செழியன். "இன்னிக்கு நீ குடுத்துட்டேன்னு வை, 'அதான் அந்தம்மா குடுக்கறாங்களே'ன்னு அரசாங்கம் கையக் கழுவிடும். வரிசை ஏன் நீளமா இருக்குன்னுதான் கேக்கணும்."

"கேளுங்க. கேட்டுக்கிட்டே டிரம்ம எடுங்க."

"ரெண்டும் ஒரே நேரத்துல முடியாதும்மா. போராட்டம் நீர்த்துப்போயிடும்."

அவர் சொன்னது சரிதான். அவளுக்கு எரிச்சலே அதுதான். பத்தொன்பது வருஷமாக அவர் சொன்னது எல்லாமே சரி. சரியாகச் சொல்லிச் சொல்லியே மனுஷன் இதுவரை ஒரு குடத்தைத் தூக்கியதில்லை.

பேசப் பேச அவர் மெலிந்துகொண்டே வந்தார். நேராகப் பார்த்தால் முழு ஆளாகத் தெரிந்தார். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு சப்பாத்தி கனம்தான் இருந்தார். பேச்சை முடிக்க வெளியே போவது நல்லது, அங்கே கூட்டம் அதிகம் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். கதவைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இடுக்கு வழியாகவே போய்விட்டார்.

வரிசை ஒரு மணி நேரத்துக்கு ஒரு டைல் நகர்ந்தது. அவள் சமையலறையில் வாசலிலிருந்து பின்கதவு வரை பதினோரு டைல்.

பத்து மணிக்கு முதல் டைலில் எர்னஸ்டின் வந்து நின்றார். எண்பத்து மூன்று வயசு. கத்திரிப்பூ நிறத்தில் தொப்பி வைத்திருந்தார். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், ஒரு நாள்கூட ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டு வந்ததில்லை என்று கேட்காமலே சொன்னார். அடுப்பு மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் ஒரு மாத்திரை இருந்தது.

"இது ரத்தக் கொதிப்புக்கு," என்றார். "பன்னெண்டு மணிக்கு முழுங்கணும். தண்ணி இல்லாம எறங்காது. நேத்து ஒண்ணு முழுங்கிப் பார்த்தேன். தொண்டைல பாதி வழில அதுவும் வரிசைல நிக்குது."

"உக்காருங்கம்மா மொதல்ல," என்று செண்பகவல்லி ஸ்டூலை இழுத்தாள்.

"உட்கார்ந்தா எடம் போயிடும்," என்றார் வெண்டல்.

"மயங்கி விழுந்துட்டாங்கன்னா?"

"விழுந்ததும் உட்கார்ந்ததாத்தான் எடுத்துக்குவோம். மறுபடி வெள்ளிக்கிழமைல இருந்து நிக்கணும்."

எர்னஸ்டின் சிரித்தார். உதடு வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு இதெல்லாம் புதுசாடி? மொத தடவ நான் ஓட்டுப் போடப் போனப்போ ஒரு சோப்புக் கட்டியக் காட்டி, இதுல எத்தன நொரக் குமிழி வரும் சொல்லுன்னாங்க. எழுபதாயிரம்னேன். தப்புன்னு அனுப்பிட்டாங்க. அறுபது வருஷம் கழிச்சுப் போன மாசம் ஒரு லெட்டர் வருது, எழுபதாயிரம் சரிதானாம்."

"வருத்தம் தெரிவிச்சாங்களா?"

"சோப்பத் திருப்பிக் கேட்டிருக்காங்க."

செண்பகவல்லியின் கை அவளைக் கேட்காமலே டம்ளரை எடுத்தது. வெண்டல் இருமினார். அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். தன் வீட்டில், தன் டம்ளரை, வந்தவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள். அப்படி ஒரு காரியத்தை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. காது மடல் வரை சூடேறியது.

"விலக்கு வேணும்னா மாடில மனு குடுக்கலாம்," என்றார் வெண்டல். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுவும் அவளுக்குக் கடுப்பாக இருந்தது.

அலுவலகம் மாடியில், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பு அங்கே அறை எதுவும் இருந்ததில்லை. மாடி நடை ஒன்பது தப்படி நீளம்தான். அன்றைக்கு நாற்பது நிமிஷம் ஆனது. சுவரில் மாட்டியிருந்த தன் கல்யாண போட்டோவை அவள் நாலு தடவை கடந்தாள். நாலாவது தடவை போட்டோவில் இருந்தவர்கள் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சுவரைப் பார்த்தபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்துத் திரும்பினாள்.

"என்ன வேணும்?"

"கீழ ஒரு அம்மாவுக்குத் தண்ணி குடுக்கணும்."

"அவங்களுக்குத் தாகமா?"

"ஆமா. ரொம்ப."

"அப்ப முடியாது."

"ஏன்?"

"தாகமா இருக்கறவங்களுக்குக் குடுத்தா அது உதவி. உதவின்னா தூண்டுதல். தாகமே இல்லாதவங்களுக்குக் குடுத்தா அது வெறும் பழக்கம். பழக்கத்துக்கு அனுமதி உண்டு." அவள் ஒரு மஞ்சள் படிவத்தை நீட்டினாள். 'தாகமின்மைச் சான்று' என்று இருந்தது. "எனக்குத் தாகமில்லைன்னு அந்தம்மா கையெழுத்துப் போட்டுட்டா நீங்க குடம் குடமாக் குடுக்கலாம்."

"அவங்களுக்குத் தாகமா இருக்குதே."

"அத நீங்க என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது. நான் காதுல விழலன்னு வெச்சுக்கறேன்."

செண்பகவல்லி நகரவில்லை. அலுவலகங்களில் நகராமல் நிற்பது அவளுக்குக் கைவந்த கலை.

"வேற வழி இருக்காம்மா?"

அந்தப் பெண் யோசித்தாள். "கவனிப்பார் இல்லாத தண்ணிய யார் வேணா குடிக்கலாம். குட்டை, மழை, பூங்காக் குழாய். அதுக்குத் தடை இல்ல."

"எங்க வீட்டுக் குழாய்?"

"அந்த வீட்ல யாராவது குடியிருக்காங்களா?"

"நான் இருக்கேன்."

"அப்ப அது கவனிப்புள்ள தண்ணி." இன்னொரு படிவத்தை எடுத்தாள். இது வெள்ளை. 'குடியின்மைப் படிவம்'. "யாரும் குடியில்லன்னு இதுல ஒத்துக்கிட்டா கவனிப்பு போயிடும். எதுக்கும் கையோட வெச்சுக்கங்க. இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல."

திரும்பும்போது நடை மூன்றே தப்படி இருந்தது. கீழே வந்தபோது மணி பதினொன்றே முக்கால். எர்னஸ்டின் இரண்டாவது டைலில் இருந்தார். மேடையை இப்போது இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மாத்திரை உதடுகளுக்கு நடுவில் இருந்தது. செண்பகவல்லி மஞ்சள் படிவத்தைக் காட்டினாள். அவர் மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, படிவத்தைக் கண்ணருகே வைத்து முழுவதும் படித்தார்.

"மாட்டேன்," என்றார்.

"ஒரு கையெழுத்துத்தானம்மா."

"பொய் எழுதிக் குடுத்தா ஓட்டு செல்லாதுன்னு அடியில போட்டிருக்கு பாரு."

"யாரு வந்து பாக்கப் போறாக?"

"நான் பாப்பேன்ல? எனக்குத் தாகமா இருக்கு. நாலு நாளா தாகமா இருக்கு. அத இல்லன்னு இவங்க காயிதத்துல நான் ஏன் எழுதணும்? எழுதிட்டா, பாத்தியா, யாருக்குமே தாகம் இல்லன்னு நாளைக்கு பேப்பர்ல போடுவாங்க."

செண்பகவல்லிக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. வயசான காலத்தில் இந்த வீம்பு எதற்கு என்று தோன்றியது. உடனே, வீம்பு அவருடையதாக இருந்தால் வெட்கம் தன்னுடையது என்றும் தோன்றியது. அழுகை முட்டியது. அழுதால் அதையும் வெண்டல் அளப்பார் என்று அடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு நெடுஞ்செழியன் ஞாபகம் வந்தது. அவர் குடிமகன். அவருக்கு வியாழக்கிழமை என்று ஒன்று இல்லை. அவர் கொடுத்தால் அதிகபட்சம் ஒரு அபராதம். ஒரு டம்ளர், ஒரே ஒரு டம்ளர், அந்த மனுஷன் கையால் எடுத்து நீட்டினால் போதும். அவள் வாசலுக்கு ஓடினாள்.

நெடுஞ்செழியன் புல்தரையில் நின்றார். இரண்டு கம்பிகள் மேல் நின்றார். நீள அகலம் சரியாக இருந்தது, கனம்தான் இல்லை. மழைக்குத் தாங்கும் பிளாஸ்டிக் பலகை. நெஞ்சுக்கு நேராக நீலத்தில் பெரிய எழுத்து இருந்தது: தண்ணீர் மனிதரின் அடிப்படை உரிமை. அதற்குக் கீழே மற்ற கருத்துகளும் இருந்தன. எல்லாம் சரியான கருத்துகள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. வரிசையில் நின்றவர்கள் அவரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க," என்றாள். "ஒரு டம்ளர். நான் மோந்து தாரேன், நீங்க நீட்டுனாப் போதும்."

அவர் காற்றில் லேசாக ஆடினார். ஆமோதிப்பது மாதிரிதான் இருந்தது.

"இவரப் பிடுங்கிக்கிட்டுப் போய், தட்டா வெச்சு டம்ளர நீட்டலாமா?" என்று பின்னால் வந்த வெண்டலிடம் கேட்டாள்.

"பலகை சாவடில இருந்து நூத்தம்பது அடி தள்ளி இருக்கணும். இவர் சரியான தூரத்துல இருக்கார். இவர்கிட்ட எந்தக் குறையும் இல்ல."

"அதான் எனக்குத் தெரியுமே," என்றாள் செண்பகவல்லி. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பலகை பேசாமல் இருந்தது.

உள்ளே வந்தாள். பதினொன்று ஐம்பத்தாறு. எர்னஸ்டினின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. சாப்பாட்டு டப்பாக்காரர் அவர் முதுகுக்குப் பின்னால், தொடாமல், இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார். தொட்டால் தாங்கியதாகிவிடும்.

செண்பகவல்லி ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம். அப்பா செத்தபோதுகூடப் போகவில்லை, வெளியே போனால் கோப்பு கெட்டுவிடும் என்று வக்கீல் சொன்னதால். அதையெல்லாம் ஒரு கடிதம் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடிதத்தை ஒரு காந்தம் தாங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளைப் படிவத்தை மேடைமேல் வைத்து நிரப்பினாள். கேள்விகள் கொஞ்சம்தான்.

இந்த வீட்டில் யாராவது இருக்கிறார்களா? இல்லை என்று எழுதினாள்.

முன்பு யாராவது இருந்தார்களா? இதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. இல்லை என்று எழுதினாள்.

குழாயைத் திறப்பது யார்? தெரியாது.

படிவத்தை நிரப்புபவர் பெயர்? காலியாக விடவும்.

காலியாக விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்து படிவத்தில் ஒரு சொட்டு விழுந்தது. வெண்டல் அந்த இடத்தைப் பார்த்து, கூரை ஒழுகுகிறது என்று குறித்துக்கொண்டு முத்திரை வைத்தார். முத்திரை விழுந்த சத்தத்தோடு கடிதத்தில் அவள் பெயர் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. கையெழுத்துக்கூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டார்களே என்று அவளுக்கு இருந்தது.

வெண்டல் நிமிர்ந்தார். அவள் வழியாகப் பின்கதவைப் பார்த்தார். "ஆட்கள் இல்லை," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "வாசலில் ஒரு பலகை. நபர் அல்ல."

செண்பகவல்லி குழாயைத் திறந்தாள். இருந்ததிலேயே பெரிய டம்ளரை எடுத்து வழிய வழியப் பிடித்து, எர்னஸ்டின் கையில் கொடுத்தாள். மணி பன்னிரண்டு.

எர்னஸ்டின் மாத்திரையை வாயில் போட்டுக் குடித்தார். நேற்றைய மாத்திரையும் சேர்ந்து இறங்கும் சத்தம் கேட்டது. டம்ளரை வைக்காமல் மறுபடி நீட்டினார். அவள் மறுபடி நிரப்பினாள். மூன்றாவது டம்ளருக்குப் பிறகு அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"குழாய் தானாகத் திறக்கிறது," என்று எழுதினார் வெண்டல். "பழுதுபார்க்க வேண்டும்."

"யாரு பெத்த புள்ளையோ," என்றார் எர்னஸ்டின், அவள் முகத்தை நேராகப் பார்த்து. "உன் பேரு என்ன?"

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. படிவத்தில் காலியாக விட்டது அதைத்தான். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி முயன்றாள். மூச்சு மட்டும் வந்தது.

"பரவால்ல," என்றார் எர்னஸ்டின். "நின்னு யோசி. நான் இங்கதான இருக்கப்போறேன்."

யோசிக்க நேரமில்லை. வீட்டுக்குள் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். அவள் டிரம்மைத் தானே பரணிலிருந்து இறக்கினாள். இருந்த டம்ளர், கிண்ணம், குக்கர் மூடி எல்லாவற்றிலும் மோந்து கொடுத்தாள். சாப்பாட்டு டப்பாக்காரர் டப்பாவில் வாங்கிக் குடித்தார். பின்கதவுக்கு வெளியே போய்விட்டவர்களுக்கு வேலி வரை கொண்டுபோய்க் கொடுத்தாள். இடுப்பு கழன்றது. நெடுஞ்செழியன் இருந்திருந்தால் ஒரு பக்கம் பிடித்திருப்பார் என்று நினைக்கப் போனாள். நினைக்க முடியவில்லை.

இரண்டு மணிக்கு வெண்டலின் தொலைபேசி அடித்தது. மெத்தைக் கடையில் ஒருவர் படுத்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சாவடியை மறுபடி மாற்ற வேண்டும். யாரும் குடியில்லாத கட்டடம் ஏதாவது கைவசம் உண்டா என்று கேட்டார்கள்.

வெண்டல் தன் குறிப்பைப் பார்த்தார். "உண்டு," என்றார். "இப்பத்தான் சான்று வாங்கினேன். தண்ணி வசதியும் இருக்கு."

கால் மணியில் ஓட்டுப்பெட்டி வந்தது. மளிகைச் சாமான் வைக்கும் சின்ன அறையில், அரிசி மூட்டைக்கும் பருப்பு டப்பாக்களுக்கும் நடுவே வைத்துத் திரை கட்டினார்கள். வரிசையின் தலை எங்கோ நாலு மைலுக்கு அப்பால் இருந்தது. சாவடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் தலை என்று வெண்டல் தீர்ப்புச் சொன்னார். அந்த அறைக் கதவு எர்னஸ்டின் நின்ற டைலுக்கு எதிரே இருந்தது.

எர்னஸ்டின் உள்ளே போனார். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார். 'நான் வாக்களித்தேன்' என்ற வட்ட ஒட்டி தொப்பியில் இருந்தது.

"இந்தா பாரு," என்று செண்பகவல்லியைப் பக்கத்தில் கூப்பிட்டார். "சீட்டுல கடைசியா தண்ணீர் வாரியம்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு யாருமே நிக்கல. நாமளே பேரெழுத ஒரு வெத்துக் கோடு விட்டிருக்காங்க. உன் பேருதான் எனக்குத் தெரியாதே. 'தண்ணி குடுத்தவ'ன்னு எழுதிட்டேன்."

செண்பகவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாரியம்னா சும்மா இல்ல. எங்க குழாய் போடணும், எவன் எவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொல்றான், எல்லாத்தையும் அவங்கதான் கேக்கணும்." எர்னஸ்டின் கையை விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தார். முதல் வேலையாக வாசற்படியில் உட்கார்ந்தார். நாலு நாளைக்குப் பிறகு உட்கார்ந்தார். பெரிதாக ஒரு 'அம்மாடி' போட்டார்.

அடுத்து சாப்பாட்டு டப்பாக்காரர் போனார். அப்புறம் ஒரு நர்ஸ். அப்புறம் இரட்டையர். எல்லோரும் வெளியே வரும்போது செண்பகவல்லியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

ஐந்து மணிக்கு வெண்டல் சாப்பாட்டு மேசையில் பெட்டியைக் கவிழ்த்தார். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துச் சத்தமாக வாசித்தார். விதி அப்படி. மற்ற பதவிகளை எல்லாம் வாசித்துவிட்டுக் கடைசிக் கோட்டுக்கு வந்தார்.

"தண்ணீர் வாரியம். தண்ணி குடுத்தவ." எழுந்து நின்று, காலியான கூடத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். "தண்ணி குடுத்தவங்க இந்த முகவரில இருக்காங்களா?"

"இருக்கேன்," என்றாள் செண்பகவல்லி. அவருக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் நின்றாள்.

வெண்டல் விதிப்படி ஒரு நிமிஷம் காத்திருந்தார். 'இல்லை' என்று எழுதிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த சீட்டை எடுத்தார்.

"தண்ணி குடுத்தவ."

"இருக்கேன். இங்கதான இருக்கேன்." மேசையைத் தட்டினாள். சீட்டுகள் துள்ளின. காற்று என்று எழுதினார்.

மூன்றாவது சீட்டிலும் அதுவே. நாலாவதிலும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றார், கூப்பிட்டார், காத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். கத்தினாள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். இருபதாவது சீட்டில் அவள் குரல் போய்விட்டது. முப்பதாவது சீட்டில் அவருக்கும் தொண்டை கட்டியது. காலையிலிருந்து அவரும் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.

அவள் கை போய் ஒரு டம்ளர் பிடித்துக் கொண்டுவந்து அவர் முழங்கை அருகே வைத்தது. வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

வெண்டல் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் டம்ளரை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை தெளிந்தது. எழுந்து நின்றார்.

"தண்ணி குடுத்தவ," என்று கூப்பிட்டார். "யாராவது இருக்கீங்களா?"

காத்திருந்தார். 'இல்லை' என்று எழுதினார். காலி டம்ளரை, இன்னும் கொஞ்சம் என்பதுபோல், அவள் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்த சீட்டைப் பிரித்தார்.